ஐஸ் பெட்டிக்குள் மாமாவின் கால்

என் அக்கா புருஷனுடைய கால்களைப் போல அசிங்கமான கால்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அகலமான பாதம், குதிகால் முழுக்க வெடிப்பு, ஐந்து விரல்களும் ஒன்றோடொன்று சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டதுபோல் தள்ளித் தள்ளி நிற்கும். அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி விடுவது பெண்ணின் தம்பியான என் வேலை. நான் கையிலிருந்த சொம்பைப் பார்த்தேன், அந்தக் கால்களைப் பார்த்தேன். "சொம்பு பத்தாது, டேங்கர் வரச்சொல்லு" என்றேன். மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் உறவு இப்படித்தான். நான் கலாய்ப்பேன், அவர் சிரிப்பார். சிரிப்பு வராத நாளில் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார்.

அதே கால்களைக் கடலில் பார்த்தபோதுதான் நான் வாயை மூடிக்கொண்டேன். மாமா கோவளத்தில் ஒரு ஃபைபர் படகில் எஞ்சின் பிடிப்பவர். படகில் நாலு பேர். அலை உடைகிற இடத்தைத் தாண்டும்வரை நாலு பேர் உயிரும் அவர் கையில். கையில் என்று எல்லோரும் சொல்வார்கள்; உண்மையில் காலில். படகின் பின்னால் நின்றுகொண்டு, விரித்த விரல்களால் விளிம்பைக் கவ்விப் பிடித்திருப்பார். அலை படகைத் தூக்கி அடிக்கும். முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்திருந்த நான் மூன்று தடவை விழுந்து எழுந்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த வலது கால் கட்டைவிரல் மட்டும் தனியாக ஒரு ஆள் மாதிரி வேலை செய்தது. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், வாத்தியார்களைக்கூட அதிகம் மதித்ததில்லை. ஒரு கட்டைவிரலை மதித்தது அன்றைக்குத்தான்.

நான் இருப்பது பெரும்பாக்கம் குடியிருப்பில். ஓட்டுவது குட்டியானை, அதாவது அந்தச் சின்ன லோடு வண்டி. விடியற்காலையில் ஐஸ் பார்களை ஏற்றிக்கொண்டு கோவளம் போவேன், திரும்பும்போது மீன் பெட்டிகளோடு தாம்பரம் மார்க்கெட் வருவேன். அதனால் மாமாவுக்கு அது முதல் தடவை வந்த அன்று நான் அங்கேயே இருந்தேன்.

வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பேரும் படகைத் தள்ளக் கை வைத்துவிட்டார்கள். மாமா மட்டும் மணலில் உட்கார்ந்துவிட்டார். வலது கட்டைவிரலின் அடிமூட்டு தக்காளிப் பழம் போலச் சிவந்து, தோல் இழுத்துப் பளபளத்தது.

"இன்னா மாமா, கால்ல லிப்ஸ்டிக் பூசிக்கினு வந்துகீற?" என்று கை நீட்டினேன்.

"தொடாதடா! காத்து பட்டாலே உயிர் போவுது."

நாலு பேரில் ஒருவரான படகின் உரிமையாளர் குனிந்து பார்த்தார். கடற்கரையில் பாதிப் பேர் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். "நேத்து வலையில கெளுத்தி வந்துச்சில்ல? முள்ளு ஏறிகீது. வெந்நீ வெச்சா சரியாயிடும்" என்றார்.

கோவளத்தில் ஒருவன் கால் வீங்கினால் அதற்குக் கெளுத்தி முள்ளைத் தவிர வேறு காரணம் கிடையாது. அதற்கு மருந்தும் ஒன்றுதான். பொறுக்கிற அளவுக்குச் சூடான தண்ணீரில் காலை வைத்தால் கொஞ்ச நேரத்தில் விஷம் இறங்கி வலி போய்விடும். நிஜமாகவே போகும், நானே பார்த்திருக்கிறேன். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அக்கா அடுப்பிலிருந்து வெந்நீரை அண்டாவோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மாமா காலை உள்ளே விட்டார்.

ஒரு தடவை திருக்கை முள் ஆடுசதையில் ஏறி, அந்தக் காலோடு எஞ்சினை ஓட்டிக் கரைக்கு வந்து, "டீ சொல்லு" என்று கேட்ட மனிதர் அவர். அவர் போட்ட சத்தத்தில் படகுகள் மேல் உட்கார்ந்திருந்த காக்காய் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிப் போயின.

"விஷம் இறங்கல, இன்னும் சூடா ஊத்து" என்றார் அண்ணன்.

இன்னும் சூடாக ஊற்றினார்கள். பிறகு கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா ஊசியோடு வந்து முள்ளைத் தேடினார். கிடைக்கவில்லை. "ஆழமா போய்கீது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் கணுக்கால்வரை வீங்கிவிட்டது. குளிருமே என்று அக்கா காலின் மேல் ஒரு போர்வையைப் போட்டாள். அந்தப் போர்வையின் கனத்தையே மாமாவால் தாங்க முடியவில்லை. அலையைத் தாங்கிய விரல், ஒரு பழைய போர்வைக்குத் தோற்றது. கேலி பேசலாம் என்று வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஐஸ் இறக்காமல் அப்படியே மாமாவை வண்டியில் முன்னாலும் அக்காவைப் பின்னால் ஐஸ் பக்கத்திலும் ஏற்றினேன். காலைத் தொங்கப்போட முடியவில்லை, கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டின் மேல் நீட்டி வைத்துக்கொண்டார். கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம்வரை எத்தனை வேகத்தடை உண்டோ அத்தனைக்கும் என் பரம்பரையைத் திட்டினார். சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவன் கண்ணாடிக்குள் தெரிந்த காலையே பார்த்தான். "கும்பிட்டுக்க தலைவா, உற்சவம் போவுது" என்றேன். மாமா வலியிலும் சிரித்துவிட்டார். சிரித்ததில் கால் அசைந்து மறுபடி திட்டினார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன கிளினிக். டாக்டரம்மா காலைத் தொடாமலே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"முள்ளு குத்தின இடம் எங்க?"

"உள்ள போயிடுச்சு டாக்டர்" என்றார் மாமா.

"வலி வர்றதுக்கு முன்னாடி நாள் என்ன சாப்பிட்டீங்க?"

"மத்திக் குழம்பு. நெத்திலி வறுவல். அப்பால கொஞ்சம் ஈரல்."

"டிரிங்க்ஸ்?"

மாமா மேலே பார்த்தார்.

"ஃபேன் நல்லா சுத்துது மாமா. டாக்டருக்குப் பதில் சொல்லு" என்றேன்.

"ஞாயித்துக்கெழமை மட்டும் பீர் டாக்டர். சூட்டுக்கு."

ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். இதற்குக் கவுட் என்று பெயர். ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்ற உப்பு கூடிப்போய், மூட்டுக்குள் பொடிப்பொடி ஊசிகளாகப் படிந்துவிடுகிறது. சிலருக்கு உடம்பு வாகே அப்படி. அதோடு பீரும், ஈரலும், இந்தச் சின்ன மீன்களும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சேர்ந்துகொள்ளும்.

மாமா யோசித்தார். "ஊசின்னா, முள்ளுதான டாக்டர்?"

"முள்ளுதான். ஆனா கெளுத்தியோடது இல்ல, உங்களோடது." டாக்டரம்மாவும் சிரித்தார். "இதுக்குச் சூடு வைக்காதீங்க. மாத்திரை தரேன். வீக்கம் வரும்போது ஐஸைத் துணியில சுத்தி, கொஞ்ச நேரம் வச்சு வச்சு எடுங்க. ஐஸ் கிடைக்குமா உங்களுக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வாசலைப் பார்த்தாள்.

"டாக்டர்," என்றேன், "உங்க கேட் கிட்ட ஒரு வண்டி தண்ணி சொட்டிகினு நிக்குதே, பாத்தீங்களா? அது ஃபுல்லா ஐஸ்தான்."

ஒரு வண்டி ஐஸின் மேல் உட்கார்ந்துகொண்டு காலை வேகவைத்த குடும்பம் இந்தத் தென்சென்னையில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து அக்காவின் மீன் கடையில் புதிதாக ஒரு பெட்டி வந்தது. கோவளத்தில் படகுகள் வந்து சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், ரோட்டோரம் அக்கா மீன் விற்பாள். மீனுக்கு மூன்று பெட்டி, மாமாவின் காலுக்கு ஒரு பெட்டி. கலந்துவிடக் கூடாது என்று கால் பெட்டியின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். நொறுக்கிய ஐஸ், அதன் மேல் மடித்த துண்டு, அதன் மேல் ஜமீன்தார் பாதம். ஆமாம், அதற்குள் நான் பெயர் வைத்துவிட்டேன். அந்தக் காலத்தில் ராஜாவுக்கும் ஜமீன்தாருக்கும் வந்த வியாதி என்று போனில் பார்த்தேன், விடுவேனா?

பக்கத்திலிருக்கும் பணக்காரக் காலனியிலிருந்து காரில் வந்த ஒரு சார், ஐஸுக்குள் ஏதோ பெரிதாகக் கிடப்பதைப் பார்த்துக் குனிந்தார். "இது என்ன மீன்மா?"

"அது ஜமீன்தார் சார். வெலைக்கு இல்ல" என்றேன்.

சார் நிமிர்ந்து காலிலிருந்து மெதுவாக மேலே பார்த்துக்கொண்டே போய் மாமாவின் மீசையில் நின்றார். மாமா வணக்கம் வைத்தார்.

"என் வியாபாரத்துல மண்ணப் போடறதுக்குன்னே உன்ன பெத்தாங்களாடா?" என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குள் அந்த சாருக்கும் முழங்காலில் ஏதோ வலி என்று தெரிந்து, மாமாவும் அவரும் கால்களைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் அவர் மீனும் வாங்கிக்கொண்டு போனார்.

வீக்கம் இறங்கியதும் மாமா படகுக்குத் திரும்பினார். டாக்டரம்மா தினமும் போட வேண்டிய ஒரு மாத்திரையைத் தொடங்கினார். "இது உப்பைக் கரைக்கும். ஆனா ஆரம்பத்துல கொஞ்ச மாசம் வலி திரும்ப வரலாம். வந்தா பயந்து நிறுத்திடாதீங்க" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்.

பீர் போனது. ஈரல் போனது. மத்தியும் நெத்திலியும் போனதுதான் பெரிய விஷயம். மீன் பிடிக்கிற வீட்டில் மத்தி சாப்பிடாதே என்பது, எங்கள் பிளாக்கில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது யாரும் பேசக் கூடாது என்று சொல்வது மாதிரி. பக்கத்து வீட்டில் மத்தி பொரிக்கிற வாசனை வரும்போது மாமா மோர்ச்சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்காருவார். "மூக்குக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லல" என்பார். ஒரு நாளும் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததை நான் பார்த்ததில்லை. நான் ஒரு வாரம் பரோட்டாவை நிறுத்துகிறேன் என்று சொல்லி மூன்றாம் வேளையே தோற்றவன். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. படகில் இருக்கிறவர்களிடம் அவர் இன்னும் கெளுத்தி முள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு மாமா பொய்யி?"

"முள்ளுன்னா ரெண்டு நாள்ல ஆறிடும்னு வெயிட் பண்ணுவானுங்க, மச்சான். நோயின்னு சொன்னா எஞ்சினுக்கு வேற ஆள் பாப்பானுங்க. அண்ணனோட அக்கா பையன் ரெடியா கீறான். அவன் ஒரு தபா நின்னுட்டான்னா அப்பால எனக்கு ஏது எடம்? காலனியில எங்கனா கேட்ல குந்திகினு கார் நம்பர் எழுதிகினு கெடக்கணும்."

அண்ணனின் அந்த அக்கா பையன் படகில் முன்னால் நின்று வலை இறக்குகிறவன். நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். அவன் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் மாமாவுக்குப் பயம்.

டாக்டரம்மா சொன்னது போலவே வலி திரும்ப வந்தது. வந்த இடம்தான் மோசம். மீனோடு திரும்பும்போது, அலை உடைகிற இடத்தில், மாமா காலை ஊன்றிய நேரத்தில் கட்டைவிரல் கைவிட்டுவிட்டது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் பக்கத்தில் நின்ற உருவம் சட்டென்று மடங்கியது. படகு பக்கவாட்டில் திரும்பி அலையை வாங்கியது. வலை பாதி தண்ணீரில். அக்கா பையன் பாய்ந்து எஞ்சினைப் பிடித்ததால் கவிழவில்லை. யாருக்கும் அடி இல்லை. ஆனால் கரைக்கு வந்ததும் எல்லோரும் மாமாவின் காலைத்தான் பார்த்தார்கள்.

"முள்ளு... பழைய எடத்துலயே..." என்றார் மாமா.

அண்ணன் அந்தச் சிவந்த மூட்டைப் பார்த்தார். "கடல்ல கீற கெளுத்தி எல்லாம் உனுக்கு மட்டும் சொந்தக்காரனுங்களா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

அன்று மாமா ஐஸ் பெட்டியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாத்திரைதான் வலியைக் கொண்டு வருகிறது, தூக்கிப் போடு என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. மாத்திரை ஆரம்பித்தார், வலி வந்தது. அவர் நிறுத்திவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் தண்ணீர் கேட்டார், மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர் வரும்னு சொல்லிச்சு. வந்துச்சு. சொன்ன மாரியேதான நடக்குது?" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் சொல்ல வேண்டியத சொல்லல" என்றார்.

மறுநாள் சாயங்காலம், படகு நிழலில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கும் நேரம். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே அங்கே போனார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"அண்ணா, முள்ளு இல்ல" என்றார். "வியாதி. ரத்தத்துல உப்பு. போன தபாவும் அதான், நேத்தும் அதான். மாத்திரை போட்டுகினு கீறேன். சரியாயிடும், ஆனா நாளாவும். அதுவரைக்கும் எப்ப வேணா வரும்."

யாரும் ஊசியை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு முடிச்சும் விழவில்லை.

"வரதுக்கு முன்னாடி விரல்ல ஒரு மாரி குறுகுறுன்னு கீது. எறும்பு ஊர்ற மாரி. நேத்தும் இருந்துச்சு. மறைச்சிட்டு ஏறிட்டேன். இனிமே குறுகுறுன்னா நானே சொல்லிடுவேன். அன்னிக்கு உன் அக்கா பையன் எஞ்சின் புடிக்கட்டும். நான் கரையில கீறேன். சரியான அப்பால என் எடம் எனுக்கு வேணும்." "நாலு பேர் உயிருண்ணா" என்று முடித்தார்.

அண்ணன் வலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "வியாதின்னா இன்னா வியாதிடா? ஒட்டுமா?"

"ஒட்டாதுண்ணா," என்று நான் குறுக்கே போனேன். "ஜமீன்தாருங்களுக்கு வர வியாதி. உனுக்கெல்லாம் வரணும்னா குடுத்து வெச்சிருக்கணும்."

அக்கா பையன்தான் முதலில் சிரித்தான். அண்ணன் கையிலிருந்த மரக்கட்டையை என் மேல் எறிந்தார். "பாக்கலாம்" என்றார்.

கேலி செய்து பேச்சைத் திருப்பியவன் நான்தான். ஆனால் அங்கே நின்றவர் அவர். அலையில் நிற்பதைவிட அந்த நிழலில் நிற்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று என் தோளில் இருந்த அவர் விரல்களின் அழுத்தத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு படகில் தண்ணீர் கேன் ஒன்றுக்கு இரண்டாக ஏறியது. முன்பெல்லாம் போகும்போது ஒரு வாய், வரும்போது ஒரு வாய். இப்போது மாமா குடித்துக்கொண்டே இருப்பார். "கடலையே குடிச்சுடுவான் போலகீதே" என்று கிண்டல் செய்தவர்கள் வெயில் ஏற ஏற அவர் கேனையே எடுத்துக் குடித்தார்கள். எனக்கு இதையெல்லாம் அக்கா பையன் சொன்னான்.

பிறகு அந்த நாள் வந்தது. முந்தின நாளிலிருந்து எல்லாப் படகிலும் மத்தி குவிந்துகொண்டிருந்தது. அந்த மாதிரி நாள் ஒவ்வொரு வருஷமும் வரும் என்று சொல்ல முடியாது. நான்கூட வழக்கத்தைவிட அதிகமாக ஐஸ் ஏற்றி வந்திருந்தேன். மாமா படகுவரை நடந்தார். நடையில் ஒரு குறையும் தெரியவில்லை. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. எஞ்சின்மேல் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"குறுகுறுங்குது அண்ணா."

"இன்னிக்கா?" என்றார் அண்ணன்.

"இன்னிக்குதான்."

அண்ணன் கடலைப் பார்த்தார், அந்தக் காலைப் பார்த்தார். காலில் ஒன்றுமே தெரியவில்லை. பொய் சொல்லி ஏறியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா பையனைப் பின்னால் போகச் சொல்லிக் கை காட்டினார். மாமா ஒரு பக்கம் தோள் கொடுத்துப் படகைத் தள்ளிவிட்டு, தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். படகு அலையைத் தாண்டும்வரை அங்கேயே நின்றார். அக்கா பையன் திருப்பிய ஒவ்வொரு திருப்பத்துக்கும் இவருடைய கையும் காற்றில் திரும்பியது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கிண்டல் செய்யவில்லை. இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான். எனக்கு அப்படி நடப்பது அபூர்வம்.

மத்தியானத்துக்குள் கட்டைவிரல் வீங்கிவிட்டது. டாக்டரம்மா அவசரத்துக்குக் கொடுத்திருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிய பெட்டியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். படகு மத்தியோடு வந்து சேர்ந்தது. கரையே அங்கே கூடியது. மாமா தலையைத் திருப்பாமல் ஐஸைக் கையால் ஒதுக்கி ஒதுக்கிச் சரி செய்துகொண்டிருந்தார்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். அவர் கையில் இரண்டு கிழங்கான். வெள்ளையாக, விரல் போல ஒல்லியாக இருக்கும் மீன். மத்திக்கு நடுவில் தனியாக எடுத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"இத துண்ணலாமா நீ?" என்றார்.

மாமாவுக்குத் தெரியவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்காதான் டாக்டரம்மாவிடம் ஒவ்வொரு மீனாகக் கேட்டு வைத்திருந்தவள். "எப்பனா ஒரு தபா, ஒரு துண்டு" என்றாள்.

"அப்ப ஒரு துண்டு குடு. மீதிய இந்த வாயாடிக்கு வை" என்று என்னைக் காட்டினார். திரும்பி நடந்தவர் நின்று, "கால் ஆறட்டும். அக்கா பையன் எஞ்சின ரொம்ப வெரட்டுறான். முன்னால குந்தவே முடியல" என்றார். மாமா பெட்டிக்குள் குனிந்துகொண்டு இல்லாத எதையோ தேடினார்.

அடுத்த வாரம் நான் ஐஸ் இறக்கும்போது படகு புறப்படத் தயாராக இருந்தது. அக்கா பையன் யாரும் சொல்லாமலே முன்னால் போய் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் இடம் காலியாக இருந்தது.

"ஜமீன்தாரே, ஏறு! அலை உனுக்கோசரம் நிக்குமா?" என்று கத்தினார் அண்ணன். நான் வைத்த பெயரைக் கடற்கரையே எடுத்துக்கொண்டுவிட்டது, எனக்கு ஒரு மரியாதையும் இல்லை.

மாமா படகைத் தள்ளிக்கொண்டே ஓடி, தண்ணீரில் எகிறி ஏறினார். அந்த அசிங்கமான விரல்கள் ஐந்தும் விரிந்து விளிம்பைக் கவ்வின. கட்டைவிரல் கடைசியாக, கொஞ்சம் யோசித்து, இறங்கிப் பிடித்தது.

"மாமா, டேங்கர் வரச்சொல்லட்டா?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. எதிரே வந்த அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.